அண்ணன் கொடுத்த புகார்

மைத்ரேயிக்கு செஸ் சொல்லிக்கொடுத்தவர் என்று யாரும் கிடையாது. சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவள் அண்ணன் ஸ்ரீராமனுக்குத்தான். திருவள்ளூர் கோயிலில் கைங்கர்யம் பார்த்த அப்பா பராசரன், காலை ஆராதனை முடிந்த கையோடு அவனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறுவார். மாநிலப் போட்டி வரைக்கும் கொண்டுபோனார். தானும் வருவதாக மைத்ரேயி கேட்டபோது, "உனக்கு எதுக்கும்மா? நீ நன்னாப் படி, போதும்" என்றார். படித்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். கல்யாணம் ஆயிற்று. முப்பது வயதும் தாண்டிய பிறகு போனில் ஒரு செஸ் ஆப்பில் ஆட ஆரம்பித்தாள்.

கம்பெனி பஸ் ஊத்துக்கோட்டை சுற்றிப் போய்ச் சேருவதற்குள் பொழுது நன்றாக ஏறிவிடும். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஆடுகிற வேக ஆட்டம் அந்தப் பயணத்துக்குத் தோதாக இருந்தது. ஆனால் தோற்றுக்கொண்டே இருந்தாள். தோற்ற ஆத்திரத்தில் அடுத்த ஆட்டம், அதுவும் போனால் இன்னொன்று. வருஷம் ஓடியது, ஆப் போடும் ரேட்டிங் புள்ளி மட்டும் நகரவில்லை.

ஒருநாள் ஆடுவதை நிறுத்திவிட்டுத் தோற்ற ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. பாதி ஆட்டங்களில் அவள் கைதான் ஓங்கியிருந்தது. ஆரம்ப நகர்த்தல்களிலேயே யோசித்து யோசித்து நேரத்தைத் தின்றிருந்தாள். கடைசியில் யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும்போது தடுமாறி, ஜெயிக்க வேண்டியதை டைம் தீர்ந்து தோற்றிருந்தாள். இந்த இரண்டு இடத்திலும்தான் ஓட்டை.

அதற்கப்புறம் அந்த இரண்டைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆரம்பத்துக்கு ஒரே வழியை வைத்துக்கொண்டு, அதையே யோசிக்காமல் ஆடப் பழகினாள். யானை மிஞ்சும் கடைசிக் கட்டங்களில் ஒன்றை எடுத்து, நேரம் வைத்துக் கம்ப்யூட்டரோடு விரல் தானாக நகரும்வரை ஆடினாள். மனிதர்களோடு ஆடியது கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும், நேரம் எங்கே போனது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஊத்துக்கோட்டையில் ஏறிப் பக்கத்தில் உட்காரும் தேவதர்ஷினி, "இன்னா மேடம், டெய்லி அதே யானைய சுத்திக்கினு கீறீங்க, பேஜாரா இல்ல?" என்று கேட்டாள். பேஜாராகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ரேட்டிங் விறுவிறுவென்று ஏறியது.

பொங்கல் லீவில் சித்தப்பா பிள்ளைகள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆன்லைன் போட்டி வைத்தார்கள். ஸ்ரீராமன் பெங்களூரில் இருந்தபடி ஆடினான். அவனோடு மோதிய ஆட்டங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் மைத்ரேயியே எடுத்தாள். கடைசி ஆட்டத்தில் அவனுக்கு ஒரு சிப்பாய் அதிகம். அவள் யானையை எட்ட நிறுத்திச் செக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ராஜாவை எங்கே ஒளிப்பது என்று அவன் தேடுவதற்குள் டைம் தீர்ந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் போனைத் திறந்தால் செஸ் ஆப்பில் அவள் கணக்கு மூடப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் துணையோடு ஆடியதாகக் காரணம் போட்டிருந்தது. என்ன ஏது என்று புரிவதற்குள் குரூப்பில் அண்ணன் எழுதியதைப் பார்த்தாள். தனக்கு அப்போதே சந்தேகம் என்றும், தான்தான் புகார் கொடுத்ததாகவும், பார்த்தீர்களா மூடிவிட்டார்கள் என்றும் பெருமையாகப் போட்டிருந்தான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சந்தேகம் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே? கூடப் பிறந்தவளைப் பற்றி ஊர் பேர் தெரியாத ஆப் கம்பெனிக்கு எழுதத் தெரிந்தவனுக்கு அவளிடம் கேட்கத் தெரியவில்லையா?

அடுத்த வாரம் அவன் திருவள்ளூர் வந்திருப்பது தெரிந்து நேரே அப்பா வீட்டுக்குப் போனாள். எதை வைத்து அப்படி எழுதினாய் என்று கேட்டாள்.

"நான் வருஷக்கணக்கா கோச்சிங் போனவன்டி. நீ திடீர்னு எப்படி இப்படி ஆடுவே?" என்றான் ஸ்ரீராமன். "சரி, எதிர்ல உக்காந்து ஆடு. ஜெயிச்சா நம்பறேன்."

"உன்கிட்டப் பரீட்சை எழுத நான் வரலை. புகாரை வாபஸ் வாங்கு."

பராசரன் குறுக்கே வந்தார். அவன் பெரியவன், இவள்தான் அனுசரித்துப் போக வேண்டும், வெறும் விளையாட்டுக்குப் போய் இவ்வளவு எதற்கு என்றார்.

அண்ணன் சொன்னதைவிட அதுதான் அவளைச் சுட்டது. "வெறும் விளையாட்டுன்னா அவனை மட்டும் ஏம்பா ஊர் ஊரா அழைச்சிண்டு போனேள்?" என்று கேட்டாள். அவள் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

ஸ்ரீராமன் புகாரை வாபஸ் வாங்கவில்லை. அவளே ஆப் கம்பெனிக்கு மேல்முறையீடு எழுதிப் போட்டாள். தன் ஆட்டங்களைப் பாருங்கள், செய்யும் தப்புகளைப் பாருங்கள், எந்தக் கம்ப்யூட்டர் இத்தனை தப்பு செய்யும் என்று கேட்டிருந்தாள். மாசி பிறந்த பிறகு கணக்கு திரும்பியது. தவறுக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்திருந்தது. முகம் தெரியாத கம்பெனிக்காரன் வருந்துகிறான், கூடப் பிறந்தவனுக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலை அப்படியே குரூப்பில் போட்டாள்.

சாயந்திரம் ஸ்ரீராமன் ஒரே வரி எழுதினான்: ஏதோ தவறான புரிதல், விட்டுவிடலாம். பராசரன் அதற்குக் கைகூப்பும் பொம்மை போட்டார்.

"புரிதல் தப்பில்லை, பொய்ப் புகார். அப்படியே எழுது" என்று மைத்ரேயி பதில் போட்டாள். ஸ்ரீராமன் பிறகு ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பினான். அவள் மறுத்தாள். இரண்டாம் முறையும் மறுத்தாள். இப்போது அவள் பஸ்ஸில் குதிரை மிஞ்சும் கடைசிக் கட்டங்களைப் பழகிக்கொண்டிருக்கிறாள். ரேட்டிங் இன்னும் ஏறுகிறது. பொய்ப் புகார் என்று அண்ணன் இன்னும் எழுதவில்லை.