கசக்காத மாத்திரை

உறிஞ்சிய புகையை லானி வெளியே விடுவதில்லை. சட்டைக் காலரை இழுத்துப் பிடித்து நெஞ்சுக்குள்ளேயே ஊதிக்கொள்வார். பழுதான காரின் சொந்தக்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தர்பூசணி வாசனைதான் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவின் டொலிடோ நகரில் இருபத்தாறு வருடமாக, நடுவழியில் நின்றுபோன கார்களைக் கட்டி இழுக்கிற வேலை. சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு வந்ததையே பெரிய திருந்தல் என்று நினைத்திருந்தார். ரத்தம் ஓடாமல் கறுத்துப்போன இரண்டு விரல்களை இடது காலில் எடுத்த பிறகு டாக்டர் சொல்லிவிட்டார்: "ஒடம்புல நிக்கோட்டின் இருக்கறவரைக்கும் அடைச்ச ரத்தக் குழாயில நான் கை வைக்க மாட்டேன். செப்டம்பர் தாண்டிச்சுன்னா பாதமே போயிடும்." அன்றிலிருந்து அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் வண்டிக்குள் வைக்கிறார், யாரோ கொடுத்துவைத்த பொருள் மாதிரி.

அதற்குப் பயந்துதான் மருந்து ஆய்வுக்குப் பெயர் கொடுத்தார். புகைப் பழக்கத்தை விடவைக்க, ஏதோ ஒரு மரத்து விதையில் எடுத்த மருந்து. தினம் மூன்று மாத்திரை, பன்னிரண்டு வாரம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. லானி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஒன்றை நாக்கில் போட்டு உருட்டினார். கசக்கவில்லை.

"என் தலையில மாவுதான் விழுந்திருக்கு," என்றார் பட்டறையில்.

"ஒனக்கு என்னைக்குய்யா நல்லது விழுந்துச்சு," என்றான் கூட்டாளி டுவெய்ன், டயரிலிருந்து தலையைத் தூக்காமலே.

வாராவாரம் காலி அட்டையை மட்டும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரைகள் வண்டியின் சாம்பல் தட்டுக்குள் போயின.

ஒன்பதாவது வாரம். எச்சில் சோதனைக்காக வாயில் அடக்கியிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, நர்ஸ் யோலண்டாவிடம் வாய்விட்டுவிட்டார்: "இந்த மாவ இன்னும் எத்தன நாளும்மா திங்கறது? வெதைன்னா கசக்கணும்ல?"

யோலண்டா எழுதுவதை நிறுத்தினாள். "நக்கிப் பாத்தீங்களா? எல்லாத்துக்கும் மேல பூச்சு இருக்கு, லானி. மருந்தானாலும் மாவானாலும் ஒரே ருசிதான்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "முழுங்குனீங்கதானே?"

"முழுங்காம பின்ன?" என்றார்.

வெளியே வந்து காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார். செப்டம்பர் முடிய மூன்று வாரம் இருந்தது. சாம்பல் தட்டைத் திறந்தார். மண்ணும் மயிருமாய் ஒட்டிக் கிடந்ததில் ஒன்றை எடுத்து, கால்சட்டையில் துடைத்து, தண்ணீரில்லாமல் விழுங்கினார். இன்னொன்று. மூன்றாவது தொண்டையில் நிற்கும்போதே, இடது கை காலரை இழுத்துப் பிடித்திருந்தது.