மௌனத் தியானத்தில் இருந்த போனுக்கு வந்த ரத்துச் செய்தி

குவாஹாட்டிக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று எழுத வேண்டிய கட்டுரை இது. நாங்கள் அங்கே போய்ச் சேரவே இல்லை. ஆகவே திண்டிவனத்திலிருந்து சென்னை விமான நிலையம் வரை போய்த் திரும்பிய கட்டுரையாக இதைப் படித்துக்கொள்ளுங்கள். கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

என் தங்கை ஜெசிந்தா அசாமில் ஒரு கன்னியர் மடத்தில் இருக்கிறாள். கடந்த தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. ஆயுள் முழுக்கத் துறவியாகவே இருப்பேன் என்று பீடத்தின் முன் சொல்லும் சடங்கு அது. பெண்ணைப் பெற்றவர்கள் கைபிடித்து அழைத்துப் போய்ப் பீடத்தருகே ஒப்படைப்பது அங்கே வழக்கம். அப்பா இல்லை. அம்மாதான் ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை நடக்கிற காரியம், தள்ளிப்போட முடியாது.

விமானம் வெள்ளிக்கிழமை காலை 11.10க்கு. நான் விழுப்புரத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா இருப்பது திண்டிவனத்தில், பிரம்மதேசம் போகும் சாலையில். முந்தின நாளே பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். வெப் செக்-இன் செய்யப் பார்த்தேன். அந்த இணையப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலை ஐந்தரைக்குக் கார் வந்தது. விமான நிலையம் வரை சுமார் 110 கிலோமீட்டர், டோல் உட்பட 3,200 ரூபாய். ஓட்டுநர் கோவிந்தன் எங்கள் தெருக்காரர்.

அம்மாவுக்கு இது முதல் விமானப் பயணம். மடியில் ஜெசிந்தாவுக்கென்று மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை டப்பா. அச்சிறுபாக்கம் மலையில் மாதா கோயில் தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். மேல்மருவத்தூரில் செவ்வாடைக் கூட்டம் சாலையை அடைத்திருந்தது. "பயப்படாதம்மா, ஜல்தியா கொண்டுபோயி விட்டுடறேன்" என்றார் கோவிந்தன். சொன்னபடியே எட்டே காலுக்குக் கொண்டுபோய் விட்டார். அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். அன்றைக்கு நான் பார்த்ததில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"சார், இந்த ஃப்ளைட் கேன்சல் ஆகி பத்து நாள் ஆச்சே. மெசேஜ் போயிருக்கு."

"எனக்கு வரலையே?"

அவர் சொன்ன கடைசி நான்கு எண்கள் ஜெசிந்தாவின் நம்பருடையவை. வட இந்தியப் பக்கம் எங்கே போனாலும் தொடர்பு எண்ணாக அவள் நம்பரைத்தான் கொடுப்போம், அது எங்கள் வீட்டு வழக்கம். அவளுக்குத்தான் இந்தி தெரியும், அவள்தான் வந்து கூட்டிப்போவாள். டிக்கெட்கூட அவள் போனுக்குத்தான் வந்தது, அவள்தான் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அனுப்பிய மறுநாள் மௌனத் தியானத்துக்குப் போய்விட்டாள். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் இருபது நாள் யாரோடும் பேசக் கூடாது, போனை அணைத்து மடத்துத் தலைவியான மதரிடம் கொடுத்துவிட வேண்டும். விமானம் ரத்து என்ற செய்தி, உலகத்திலேயே அதைப் படிக்க முடியாத ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"இன்ஃபார்ம்டுன்னு காட்டுது சார்."

இதையே அந்தப் பெண் நான்கு தடவை சொன்னார். மாற்று விமானம் ஞாயிற்றுக்கிழமை தருவார்களாம். சனிக்கிழமைச் சடங்குக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம்! வேறு கம்பெனியில் கொல்கத்தா வழியாக ஒரே ஒரு இடம் இருந்தது. அம்மா போனால்தான் பிரயோஜனம். தனியாக, தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாமல், கொல்கத்தாவில் இறங்கி இன்னொரு விமானம் ஏற அவரால் ஆகாது. அம்மா டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "வாப்பா, போலாம்" என்றார். டீ குடிக்க ஒதுங்கியிருந்த கோவிந்தனைத் திரும்ப அழைத்தேன். வண்டியில் ஏறியதும் அம்மா டப்பாவை அவரிடம் நீட்டி, "நீயாவது துன்னுப்பா" என்றார்.

திரும்பி வரும்போது போனில் ஒரு விளம்பரம் வந்தது. விமானம் ரத்தா, தாமதமா, இரண்டே நிமிடத்தில் எங்கள் தானியங்கிச் சேவை இழப்பீடு வாங்கித் தரும், ஜெயித்தால் மட்டும் எங்களுக்கு முப்பது சதவீதம் என்றது. எனக்குப் பணம் பெரிதல்ல. 'தவறு எங்களுடையது' என்று அந்த நிறுவனம் ஒரு வரி எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆத்தூர் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது பூர்த்தி செய்தேன். முன்பதிவு எண்ணைக் கொடுத்ததும் மீதி விவரத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டது. பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டு ஒரு பட்டியல் காட்டியது. தொழில், படிப்பு, சிகிச்சை, திருமணம், மரணம், சுற்றுலா. வார்த்தைப்பாடு இல்லை. எழுதிச் சொல்ல இடமும் இல்லை. கன்னியாஸ்திரிகளைக் கிறிஸ்துவின் மணவாட்டி என்போம், ஆகவே யோசித்துத் 'திருமணம்' என்பதைத் தொட்டேன். உடனே திரையில் கலர் காகிதம் பறந்தது. வாழ்த்துகளாம்!

மறுநாள் காலை சடங்கை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஆறு பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஐந்து பேருக்கு இரண்டு பக்கமும் அப்பா அம்மா. எங்கள் பெண்ணின் கையை மதர் பிடித்திருந்தார். அம்மா உட்காரவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு பூசை முடியும்வரை நின்றே பார்த்தார்.

சாயங்காலம் ஜெசிந்தா கூப்பிட்டாள். இருபது நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் போனைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷமாகப் பேசுவாள் என்று எடுத்தால், அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணா, என்னாலதானே அம்மா வர முடியல?"

ரத்துச் செய்தி அவள் நம்பருக்குப் போனதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. மதரிடமும் விமானம் ரத்து என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நடந்தது இதுதான். அந்தத் தானியங்கிச் சேவை விமான நிறுவனத்தின் தானியங்கியோடு பேசியிருக்கிறது. இரண்டு எந்திரங்களும் சேர்ந்து முடிவு செய்து, அந்த முடிவை முன்பதிவில் இருந்த நம்பருக்கே அனுப்பிவிட்டன. "உங்களுக்கு உரிய நேரத்தில் தகவல் தரப்பட்டது. நீங்கள் பார்க்கத் தவறியதால் இழப்பீடு இல்லை." அதற்குக் கீழேயே, "உங்கள் திருமண வாழ்வு சிறக்க வாழ்த்துகள்." நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அன்றே ஒரு கன்னியாஸ்திரி படித்த முதல் செய்திகள் இவை.

யாரையாவது பிடித்துக் கத்தலாம் என்று பார்த்தால் அந்தச் சேவைக்குத் தொலைபேசி எண்ணே கிடையாது. அரட்டைப் பெட்டியில், மனிதரிடம் பேச வேண்டும் என்று எழுதினேன். "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்" என்றது. ஒரு மண்ணும் புரிந்துகொள்ளவில்லை! அந்த இருபது நாளும் கடவுளோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த பெண்ணைக் குற்றவாளி ஆக்கிவிட்டு உணர்வைப் பற்றி என்னிடம் பேசுகிறது.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். "எம்மா, அழுவாத. மெசேஜி பாத்துக்கினு கெடக்கவா உன்ன அனுப்பி வெச்சேன்? நீ யாருக்காக வாயத் தெறக்காம இருந்தியோ அவருக்குத் தெரியும்." அந்தப் பக்கம் அழுகை நிற்கச் சற்று நேரம் ஆனது. ஆனால் தன் மேல் தவறில்லை என்பதை அவள் இன்னும் நம்பவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனில் எப்படியாவது அந்தப் பேச்சைக் கொண்டுவருகிறாள்.

பயணம் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தொடர்பு எண்ணாகப் பயணம் செய்கிறவரின் நம்பரையே போடுங்கள், கூட்டிப்போக வருகிறவருடையதையோ பதிவு செய்து தரும் கடைக்காரருடையதையோ போடாதீர்கள். முன்கூட்டியே தகவல் தந்துவிட்டால் இழப்பீடு கிடையாது என்பார்கள். அந்தத் தகவல் யாருக்குப் போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று நாளுக்கு முன்பு ஒரு தடவை விமானம் இருக்கிறதா என்று பாருங்கள். வெப் செக்-இன் சுற்றிக்கொண்டே இருந்தால் சும்மா விடாதீர்கள், நான் விட்டேன். புகார் என்றால் முதலில் விமான நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நீங்களே எழுதுங்கள், பிறகு அரசின் புகார்த் தளத்துக்குப் போங்கள். இரண்டுக்கும் காசு இல்லை. நான் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

போன வாரம் வைகாசிக்கு ரயிலில் டிக்கெட் எடுத்தேன். அம்மாவும் நானும் ஜெசிந்தாவைப் பார்க்கப் போகிறோம். மேலே எழுதிய புத்திமதிப்படி என் நம்பரை அடிக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கையைப் பிடித்தார்.

"என் நம்பரப் போடுப்பா."

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் வரும் இங்கிலீஷ் மெசேஜை அவரால் படிக்க முடியாது. இதைச் சொன்னேன்.

"படிக்காட்டி இன்னா? எதுனா தப்பாச்சுன்னா அவனுங்க என்னையே சொல்லட்டும். உன் தலையிலயோ ஜெசிந்தா தலையிலயோ கட்ட வேணாம்."

அம்மாவின் நம்பரைப் போட்டேன்.