நிற்காத ரயிலுக்கு நிறைகுடம்

எங்கள் ஊர் ஸ்டேசனைப் பிரித்து எடுத்தது ஊர்ச்சனம் நாங்களேதான். சண்டையில் ரயில் நின்றுபோனதும், தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த சிலிப்பர் கட்டைகள் வீடுவீடாகப் போய்ப் பங்கர்களுக்குக் கூரையாகின. ஊரோடு ஒத்தோடு என்று எங்கள் வளவுக்கும் வந்தன. ஷெல் விழுந்த காலமெல்லாம் அம்மாவும் நானும் அந்தக் கட்டைகளுக்குக் கீழேதான் உயிர் தப்பினோம். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

சண்டை முடிந்து, பாதையைத் திரும்பப் போடப்போகிறார்கள் என்ற கதை வந்ததும், பங்கரைப் பிரிக்கச் சொன்னார் அம்மா.

“கட்டையள் ஸ்டேசன்ரை. குடுத்தால்தானே கோச்சி வரும்.” ரயில் அவருக்கு எப்போதும் கோச்சிதான்.

அப்போதே அவருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. பஸ் படி ஏறுவது நரகம். ஸ்டேசனோ கூப்பிடு தூரம். மேடையிலிருந்து நேரே பெட்டிக்குள் கால் வைத்து, யார் கையையும் பிடிக்காமல் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போய்வரலாம். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

கட்டைகளை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிப்போய் மேடையோரம் அடுக்கினேன். வேறு ஒரு வீட்டாரும் கொண்டுவரவில்லை. பாதை போட வந்தவர்களிடம் கொங்கிறீற் கட்டைகள் இருந்தன. எங்களுடையதை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் யாரோ விறகுக்குத் தூக்கிவிட்டார்கள்.

முதல் ரயில் வந்த அன்று அம்மா மேடையில் நிறைகுடம் வைத்தார். மாவிலை, தேங்காய், குத்துவிளக்கு, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஓட்டுநருக்குப் போட மாலையும் கையில் இருந்தது. ரயில் கூவிக்கொண்டே போய்விட்டது. அடித்த காற்றில் விளக்கு அணைந்தது.

“புது ஆள் போலை, ஸ்டேசன் தெரிஞ்சிருக்காது. நாளைக்கு நிக்கும்,” என்றார் அம்மா.

நிற்கவில்லை. ஏறுவதற்கு ஆட்கள் போதாதாம். ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்க மட்டும் எவருக்கும் வாய் வரவில்லை. நாங்கள் கொடுத்த மனுக்கள் செவிடன் காதில் ஊதிய சங்கு.

இப்போது அம்மாவை ஓட்டோவில்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். போன முறை ரயில் கடவையில் கேற்றைப் போட்டுவிட்டார்கள். பழைய ஸ்டேசனைத் தாண்டி வந்த ரயில் எங்கள் முன்னால் ஓடியது. அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கட்டையளைக் குடுத்துப்போட்டம். இனியும் ஒருக்கால் பங்கர் வெட்டவேண்டி வந்தால், மேலை என்னத்தைப் போடுறது?”