மருமகள் மாட்டிய சிலிண்டர்

என் மருமகள் டிராக்டர் ஓட்டுவாள். பின்பக்கம் பள்ளம் தோண்டும் இரும்புக் கை பூட்டிய டிராக்டர். மகன் அதை வாங்கிப் போட்டுவிட்டுத் துபாய் போய்விட்டான். விற்றுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். இவள் ஓட்டப் பழகிக்கொண்டாள்.

போன ஐப்பசியில், நான் முன்பு வேலை பார்த்த பீங்கான் கொட்டகையில் வாய்க்கால் வெட்டக் கூப்பிட்டார்கள். முதலாளி ஒரு பாய். உள்ளே இன்னும் சுடாத பச்சை அகல்விளக்குகள் தரையெல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. சூளையில் வேகும்வரை அது வெறும் மண்தான், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மழைக்கு முன்னால் ரோட்டுத் தண்ணீரைத் திருப்பியாக வேண்டும். நானும் துணைக்குப் போனேன்.

பாதி வெட்டும்போதே, இரும்புக் கையைத் தூக்கும் சிலிண்டரிலிருந்து எண்ணெய் ஒழுகியது. தூக்கிய கை தானாக இறங்கியது. வானம் வேறு கறுத்துவிட்டது.

"வேற வண்டி சொல்லட்டுமா தங்கச்சி?" என்றார் பாய்.

"அது வந்து சேர்றதுக்குள்ள நான் கழட்டி மாட்டிடுவேன் பாய். ஒங்க லோடு ஆட்டோவ மட்டும் குடுங்க."

இரும்புக் கையைத் தரையில் படுக்க வைத்து, இன்ஜினை நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் லீவரை முன்னும் பின்னும் ஆட்டினாள். உள்ளே அடைபட்ட அழுத்தம் போக வேண்டுமாம். பிறகுதான் குழாய்களைக் கழற்றினாள்.

"அத்த, கொழா வாய இறுக்கிக் கட்டுங்க. ஒரு துளி மண்ணு போவக்கூடாது."

எனக்கா சொல்ல வேண்டும்? பீங்கானுக்குப் பளபளப்புப் பூசும் கிளேஸில் தூசி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கைக்குத் தெரியும். இரண்டு குழாய்க்கும் பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டினேன். சிலிண்டரை இரும்புக் கையோடு பிணைக்கும் முளையை அவள் அடித்து எடுத்தாள். மூன்று பேருமாகச் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றினோம். பட்டறையில் கூடவே நின்று, எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் சீலை மாற்றி, திரும்பக் கொண்டுவந்தாள்.

மாட்டும்போது ஓட்டைக்கு ஓட்டை நேர்வரவில்லை. பாய் விரலை விட்டுத் தடவிப் பார்க்கப் போனார். பட்டென்று அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"வெரலு வேணுமா வாணாமா பாய்? நழுவுனா துண்டாயிடும்."

கம்பியால் நெம்பி, கண்ணாலேயே நேர் பார்த்து முளையை இறக்கினாள். எண்ணெய் ஊற்றி, இன்ஜினைப் போட்டு, மண் அள்ளாமல் இரும்புக் கையை மட்டும் மெதுவாக ஏற்றி இறக்கினாள். அது முதலில் நடுங்கியது.

"தூத்தல் போடுது, தோண்ட ஆரம்பிம்மா."

"உள்ள காத்து இருக்குது பாய். அது போவட்டும்."

முதலாளி அவசரப்படுத்தினால், அங்கே வேலை பார்த்த நாங்களெல்லாம் பதறிப்போவோம். இவள் அசையவில்லை. நடுக்கம் நின்றது. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. அப்புறம்தான் மண்ணைத் தொட்டாள்.

கடைசி மண்ணை அள்ளும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டுத் தண்ணீர் கொட்டகை வாசல்வரை வந்து, வாய்க்காலில் விழுந்து திரும்பி ஓடியது. பாய் வாசலோரம் இருந்த ஒரு விளக்கை எடுத்து அடியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

மருமகள் முழங்கைவரை எண்ணெயோடு வந்தாள். நான் செம்பில் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினேன். மாமியார் ஊற்ற மருமகள் கை கழுவுவதைப் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.