பேசி முடித்த விஷயம்

சலவைக்கூடத்தில் என் தங்கையைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள்தான் பொடிசு, வாய் நீளம். பஸ்ஸில் எவனாவது ஒருத்தியை இடித்தால் இவள் சண்டைக்குப் போவாள். இடிபட்டவள் தன் பாட்டுக்கு இறங்கிப் போயிருப்பாள். "இந்த வாய்க்குப் பயந்துதான்டி உன் புருஷன் ஓடிட்டான்" என்று திட்டுவேன். "நல்லதாப் போச்சு விடுக்கா" என்பாள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணிகளை வெளுக்கும் இடம் அது. அவளுக்கு மடிப்பு மேஜை, எனக்கு இஸ்திரி இயந்திரம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, துணிக்கிடங்குக்குப் போகும்போதெல்லாம் கண் சிவந்து திரும்பி வந்தாள். உள்ளே சூப்பர்வைசர் கைவைக்கிறான் என்று பொடிசிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள். நமக்கெதுக்குடி வம்பு என்றேன். கேட்டால்தானே? நேரே நிர்வாக அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"உன் பேர் வெளிய வராதும்மா" என்றாராம் அவர். ஆனால் எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். வெந்நீர்க் குழாய் ஒழுகினாலும் சரி, சோப்புத்தூள் தீர்ந்தாலும் சரி, புகார் அந்தப் பகுதியின் சூப்பர்வைசருக்குத்தான் போகும். விசாரித்துச் சரிசெய்வது அவர் பொறுப்பு. நிர்வாக அதிகாரி மகராசன் இதையும் அப்படியே அனுப்பிவைத்தார். யார் மேல் புகாரோ அவனுக்கே!

மறுநாளிலிருந்து அவன் சிரிக்க ஆரம்பித்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பொடிசு, சாப்பிட்டியா?" என்பான். அவள் மடித்த போர்வையையே பிரித்துத் திரும்ப மடிப்பாள். கழிப்பறைக்குக்கூட நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே போனோம்.

அந்த வாரமே அதிகாரி வந்தார். "நமக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்? ரெண்டு பேரும் அமைதியா உக்காந்து பேசி முடிச்சுக்கோங்க" என்று கிடங்கைக் காட்டினார். பொடிசு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சூப்பர்வைசர் பின்னாலேயே நுழைந்து கதவைச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தச் சத்தம் அதிகாரிக்கும் கேட்டது. அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சார், திறக்கச் சொல்லுங்க."

"பதறாதீங்கம்மா. பேசட்டும்."

இரண்டு கையாலும் கதவைக் குத்தினேன். திறந்தபோது பொடிசு வெளிறிப்போய் நின்றாள்.

"நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் சார். புகார் வேண்டாம்."

அதிகாரிக்குப் போன உயிர் வந்தது. "பாத்தீங்களா, பேசினா தீராதது உண்டா?" என்று தன் அறைக்குப் போய்விட்டார்.

"என்னடி சொன்னான்?" என்று மெல்லக் கேட்டேன்.

"உன்னை வேலைய விட்டுத் தூக்கிருவானாம்க்கா."

அதற்குள் அவன் கிடங்கு வாசலில் நின்று புதுப்பெண்ணைக் கூப்பிட்டான். "வாம்மா, பெட்ஷீட் எண்ணணும்."

அவள் எழுந்தேவிட்டாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் கண்முன் வந்து போயின. அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தேன்.

"அவ வரமாட்டா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

அவன் அதே சிரிப்போடு என்னைப் பார்த்து நடந்து வந்தான்.