விசுக்கோத்துப் பக்கெற்

போன மாதம் கைபேசியில் ஒரு கடையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். மாதவிலக்குக்குப் பாவிக்கும் துணிகள் விற்கிறார்கள். சூழலுக்கு நல்லது, கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், மண்ணில் போட்டால் உக்கிவிடும் என்று ஒரு பிள்ளை காணொளியில் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். நல்ல விசயம்தான், அவளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எனக்கு அந்த வயது கடந்துவிட்டது, மகளுக்காகப் பார்த்தேன். ஓடர் கொடுக்கும் இடத்தில் கடைசியாக ஒரு சின்னக் கட்டம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாதபடி பொதி செய்யவும் என்று அதில் எழுதி, சரி அடையாளத்தையும் அவர்களே போட்டு வைத்திருந்தார்கள். கேட்காமலே மறைத்துத் தருகிறார்களாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

என்ன அம்மா, ஒரு பெட்டிக்காக இவ்வளவு கோபமா என்று மகள் கேட்டாள். பெட்டிக்காக இல்லை என்று சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

சண்டைக் காலத்தில் எங்கள் வீடு இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அங்காலே, பாலத்தைப் பார்த்தபடி இருந்தது. நான் திருகோணமலை டவுணில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். என்னைவிட ஆறு வயது இளைய தங்கச்சி டவுணில் ஏ.எல். படித்தாள். பாலத்தடியில் இருந்த ஆமிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் எல்லோரும் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பையைத் திறந்து காட்டிவிட்டு நடந்து போய் மற்றப் பக்கத்தில் நிற்கிற பஸ்ஸில் ஏற வேண்டும். போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான்.

ஒரு நாள் புதிதாக ஒரு கட்டளை வந்தது. இனித் துணிப்பை, புல்லில் இழைத்த பன்பை ஒன்றும் கூடாது, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிற பொலித்தீன் பையில்தான் சாமான் கொண்டு வரலாம் என்றார்கள். அப்பாவின் பழைய காற்சட்டைத் துணியில் அம்மா தைத்த பை ஒன்று எங்களிடம் இருந்தது. மரக்கறி, மீன், புத்தகம் எல்லாம் சுமந்து வருசக்கணக்காக உழைத்த பை. அது அன்றோடு அலுமாரிக்குள் போனது. பொலித்தீனை ஒழியுங்கள் என்று இப்போது ஊர் ஊராக வகுப்பு எடுக்கிறவர்கள், அதை எங்கள் கையில் திணித்தது யார் என்று ஒருக்கால் கேட்டால் நல்லது. அந்தப் பைகளையும் நாங்கள் எறியவில்லை. கழுவி, உள்பக்கம் வெளியே புரட்டி, வேலியில் காயப்போட்டுத் திரும்பப் பாவித்தோம். ஆனால் கழுவக் கழுவப் பை மங்கிவிடும். மங்கினால் உள்ளே தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். சிக்கனமாக இருந்ததற்கும் தண்டனை!

அந்தப் பை வந்த பிறகு ஒருவருக்கும் ஒளிவு மறைவு இல்லாமல் போனது. யார் வீட்டில் கருவாடு, யாருக்குச் சலரோகம், யாருடைய புருசன் மூலத்துக்கு மருந்து பூசுகிறான் என்று வரிசையில் நிற்கிற அவ்வளவு பேருக்கும் தெரியும். எல்லாம் தெரிந்தாலும் ஒரு சாமான் மட்டும் தெரியக்கூடாது. அந்தச் சாமானைச் சுற்றுவதுதான் கடையில் என்னுடைய வேலை.

முதலாளி கிண்ணியாக்காரர், குரல் உயர்த்தாத மனுசன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மாதவிலக்குக்குப் பாவிக்கும் பாட் பக்கெற்றைக் கையில் எடுத்துக் காட்டித்தந்தார். பத்திரிகைத் தாளில் மூன்று சுற்று, ஓரங்களை உள்ளே மடிக்க வேண்டும், பிறகு நூலால் குறுக்கும் நெடுக்கும் ஒரு கட்டு.

"புள்ள, இதை அப்படியே குடுக்கப்படாது. கடைக்கு ஒரு மரியாதை இருக்கு."

மூல மருந்தை அப்படியே கொடுத்தோம். பூச்சி மருந்தை, பேதி மருந்தை, சிரங்குக் களிம்பை அப்படியே கொடுத்தோம். அதிலெல்லாம் கடையின் மரியாதை குறையவில்லை. பெண்ணின் உடம்பில் மாதம் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்துக்கு மட்டும் மூன்று சுற்றுத் தாள் தேவைப்பட்டது. அதன் பெயரையும் யாரும் சொல்லமாட்டார்கள். வருகிற பெண்கள் கடையில் ஆண்கள் போகும்வரை இருமல் மருந்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு கிட்ட வந்து, "அது ஒண்டு" என்பார்கள். கொஞ்சக் காலத்தில் அதற்கு விசுக்கோத்து என்று, தேத்தண்ணியில் தோய்த்துத் தின்கிற சாமானின் பெயர் வந்தது. "விசுக்கோத்து வந்திட்டுதோ?" என்று துணிந்து கேட்கத் தொடங்கினார்கள். மருந்துக்கடையில் ஏன் இத்தனை பெண்கள் விசுக்கோத்து வாங்குகிறார்கள் என்று ஒரு ஆணும் கேட்டதில்லை. எல்லா ஆண்களுக்கும் அது என்னவென்று தெரியும்.

தங்கச்சிக்கு நான்தான் அதைப் பழக்கினேன். அதற்கு முன்பு எங்கள் வீட்டிலும் பழைய சீலைத்துணிதான். துணியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் துணி என்றால் கழுவ வேண்டும், வெயிலில் காய வேண்டும். எங்கள் கிணறு தெருவோரம், சென்றியில் காவல் நிற்கிற சிப்பாய்க்கு நேரே. அதனால் குசினிக்குப் பின்னால், பனையோலை மறைப்பில், வெயில் படாத இடத்தில் காயப்போட்டோம். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி, தொடையெல்லாம் புண்ணாகி, மாதத்தில் நாலு நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. படிக்கிற பிள்ளைக்கு இது ஏலாது என்று சொல்லி அம்மாவோடு சண்டை பிடித்துத்தான் கடையிலிருந்து பக்கெற் கொண்டு வந்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் இரண்டு பேரும் ஒன்றாக வந்தோம். அவளுடைய ஏ.எல். சோதனைக்கு ஐந்து கிழமை இருந்தது. என்னுடைய பையில் அப்பாவின் மருந்துகள் நிரம்பி இருந்தபடியால், பக்கெற்றைத் தங்கச்சியின் பையில் அவளுடைய புத்தகங்களோடு போட்டேன். அவள் எனக்கு முன்னால் நின்றாள். பையைப் பார்க்கப் பெண் ஆட்கள் இருக்கிற நாளும் உண்டு, அன்றைக்கு இல்லை. மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் நின்றான். கண்ணாடி மாதிரிப் பைக்குள் தாள் சுற்றி, நூல் கட்டின பொதி ஒன்று இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதைத் தொட்டு, "மே மொக்கத?" என்று கேட்டான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான் என்று அவளுக்கு விளங்கியது.

"விசுக்கோத்து," என்றாள்.

எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருந்த சொற்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். அவனுடைய முகம் மலர்ந்துவிட்டது. எப்போது சாப்பிட்டானோ தெரியாது. எனக்கும் ஒன்று தா என்று கையால் காட்டிச் சிரித்துக்கொண்டே நூலை அறுத்தான். நான் பின்னால் நின்றேன். ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயரெடுத்த நான், ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றேன். முதல் சுற்றுத் தாள் கழன்றது, இரண்டாவது கழன்றது, மூன்றாவதும் கழன்றது.

அவன் சிரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். முகம் கறுத்து, பக்கெற்றை மேசையில் போட்டுவிட்டு, போ போ என்று கையை ஆட்டினான். சிரித்தது பக்கத்து வரிசை. அவளோடு ரியூசனுக்குப் போகிற எங்களூர்ப் பெடியன்கள். "டேய், விசுக்கோத்தடா!" என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் வரிசையிலும் இரண்டு பேர் சீலைத்தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். அந்த இரண்டு பேரும் என்னிடம் மாதாமாதம் அதே பக்கெற்றை வாங்குகிறவர்கள்.

அடுத்த நாள் தங்கச்சி எழும்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை, உயிரியல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றம் கூட்டினாள்.

"ஒரு கிழமை போகட்டும், சனம் மறந்திடும்," என்றார் அம்மா.

"படிச்சது காணும். பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்," என்றார் அப்பா. அவர் இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

எனக்கு யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது. அந்தச் சிப்பாயைத் திட்டினேன். கட்டளை போட்டவர்களை, பெடியன்களை, அவர்களைப் பெற்றதுகளை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைக்குப் போனால் பத்திரிகைத் தாள் கட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தக் கிழமையே டவுணில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் வந்து, பக்கத்தில் இரண்டு ஆண்கள் நிற்க, மெதுவாக, "விசுக்கோத்து ஒண்டு," என்றார்.

"இது மருந்துக்கடை ரீச்சர். விசுக்கோத்து பக்கத்துக் கடையில," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. கண்ணைக் காட்டினார். நான் பக்கெற்றை எடுத்து அப்படியே மேசையில் வைத்தேன்.

"என்ன பிள்ளை இது? சுத்தித் தாரும்."

"களவெடுத்த சாமானே சுத்துறதுக்கு? நீங்கள் பிள்ளையளுக்குச் சுகாதாரம் படிப்பிக்கிறனீங்கள்தானே?"

முதலாளி ஓடி வந்தார். "புள்ள, உனக்கு இண்டைக்கு என்ன புடிச்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தானே தாளை எடுத்துச் சுற்றினார். ரீச்சர் அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் போனார். அன்றைக்குப் பிறகு நான் ஒரு பக்கெற்றும் சுற்றவில்லை. பெண்கள் வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். முதலாளி என்னை வேலையால் நிற்பாட்டவில்லை, பின்னுக்குப் போய்ப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கு என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது கிழமை ஒரு பின்னேரம், பக்கெற் ஒன்றைத் தாளில்லாமல் பொலித்தீன் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி எழும்பிப் போய் நின்றாள். பாலத்தடியில் அதே சிப்பாய். பையைப் பார்த்தான், உடனே முகத்தைக் களப்புத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். ஒரு கேள்வியும் இல்லை. மறைக்காவிட்டால் ஒன்றுமே இல்லையே என்று எனக்குத் துள்ளலாக இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், தங்கச்சிக்கு முன்னால் பையைத் தூக்கிக் காட்டினேன். ரீச்சரின் கதை, முதலாளியின் கதை, சிப்பாய் முகத்தைத் திருப்பின கதை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். நாளைக்கு நீயும் இப்படியே கொண்டு வா, நான் பக்கத்தில் வருகிறேன், எவன் வாயைத் திறக்கிறான் என்று பார்ப்போம் என்றேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"உங்கட சண்டை முடிஞ்சுதோ?"

"உனக்காகத்தானே சண்டை பிடிக்கிறன்."

"எனக்காக இல்லை. எனக்குச் சோதனைக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு, அதைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் கேட்கேல்லை. அந்தச் சிப்பாயை ஏன் பேசுறீங்கள்? விசுக்கோத்து எண்டு சொன்னன், பசியில ஒண்டு கேட்டவன். அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. எப்போதும் என்னை நீங்கள் என்று கதைக்கிறவள், அன்றைக்கு முதல் தடவையாக நீ என்றாள்.

"நான் ஏன் அந்தச் சொல்லைச் சொன்னனான்? அந்தப் பேரை வைச்சது ஆர்? நீதானே அக்கா?"

ஓம், நான்தான். மேலே அந்தப் பெயர் எப்படியோ வந்த மாதிரி எழுதியிருக்கிறேன், அப்படி வரவில்லை. கடைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஆண்கள் நிற்கும்போது வாய் திறக்க முடியாமல் தவித்த ஒரு பெண்ணிடம், "விசுக்கோத்துத்தானே அம்மா?" என்று கண்ணடித்துக் கேட்டேன். கூட வேலை செய்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்து தங்கச்சிக்கும் சொன்னேன். அவளும் சிரித்தாள். பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும், அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். அவளுடைய பொதியைச் சுற்றிக் கட்டினதும் என்னுடைய இந்தக் கைகள்தான். இரண்டு கிழமையாக ஊரை ஏசினேன். எனக்கு ஒரு ஏச்சும் கொடுக்கவில்லை.

"நாளைக்குப் போறன். தனியப் போறன், நீ வராத," என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்தாள்.

போனாள். சோதனை முடியும்வரை ஒரு நாளும் விடாமல் போய் வந்தாள். முதல் நாள் காலை, அவள் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தடி வரிசையில் போய் நின்றதை எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று பார்த்தேன். ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவன், "விசுக்கோத்து!" என்று உரக்கக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. என்னவெல்லாமோ ஏசிக் கத்த வேண்டும் என்று நான் படலையைத் திறந்தேன். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை.