மெஷின் சத்தத்துக்கு மேலே

எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கீழே நிட்டிங் மெஷின்கள், மேலே வீடு. குழம்பில் உப்பு குறைவு என்பதைக்கூட அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கரண்ட் போனாலோ ஊசி உடைந்தாலோ ஒழிய அத்தா மெஷினை நிறுத்த மாட்டார். எனக்கு லா காலேஜில் சீட் கிடைத்த செய்தியையும் மாடிப்படியில் நின்று கத்தித்தான் சொன்னேன். அத்தாவுக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கோயம்புத்தூரில் படிக்கப் போன இடத்தில் இந்தக் குரல் என் மானத்தை வாங்கியது. மாதிரி நீதிமன்றப் போட்டியில் நான் வாயைத் திறந்ததும், நீதிபதியாக உட்கார்ந்திருந்த பேராசிரியர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "வாதம் பண்றியாம்மா, சண்டைக்கு வர்றியா?" என்று கேட்டார். ஹாஸ்டலே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படிப்பு முடிவதற்குள் நாசூக்காக, மெல்லப் பேசப் பழகினேன். கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டேன் என்பது கோட்டும் கவுனும் போட்டுத் திருப்பூர் கோர்ட்டில் நின்றபோதுதான் தெரிந்தது. வாய்தா கேட்டால்கூட ஜட்ஜ் காதருகே கையை வைத்துக்கொண்டு "என்னம்மா?" என்பார்.

நான் ஜூனியராக இருந்த சீனியரிடம், வேலம்பாளையத்தில் டிபன் கடை வைத்திருந்த ஓர் அக்காவின் வழக்கு இருந்தது. கட்டடச் சொந்தக்காரர் கடையைப் பூட்டிவிட்டு இடத்தைப் பனியன் கம்பெனிக்கு விடப் பார்த்தார். பூட்டக் கூடாது என்று நாங்கள் வாங்கியிருந்த தடை உத்தரவு முடியும் நாள் வந்தது. நீட்டிக்காவிட்டால் சாயங்காலமே கடைக்குப் பூட்டு. சீனியரோ மாடியில் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார்.

"சீனியர் வந்துருவாங்க, கொஞ்சம் நேரம் வேணுங்க" என்றேன். இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் ஜட்ஜுக்குக் கேட்டது.

"நேரமெல்லாம் இல்லீங்க. கேஸ் உங்களுக்குத் தெரியுமல்ல? நீங்களே பேசுங்க."

அந்த அக்கா பின்வரிசையில் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பயத்தில் கேஸ் கட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. நீட்டிக்கக் கூடாது என்று ஆரம்பித்த எதிர்த்தரப்பு வக்கீல், நல்ல அனுபவசாலி, இரண்டு வரி முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கோ பயம் போன இடம் தெரியவில்லை. அது எங்கள் வீட்டுச் சத்தம். அதற்குள் நின்றுகொண்டுதான் நான் பேசவே கற்றுக்கொண்டேன். மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, மாடிப்படியில் நிற்பவள் போல ஆரம்பித்தேன். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் காலி செய்ய முடியாது என்பதையும், கட்டடக்காரர் ஏற்கெனவே ஒருமுறை அடுப்பைத் தூக்கி வெளியே வைத்ததையும் விலாவாரியாகச் சொன்னேன். ஜட்ஜ் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் குஷி ஏறிவிட்டது.

"ஆகவே, அந்தக் கடையைப் பூட்ட விடவே கூடாது!" என்று நான் முடிக்கப்போகும்போது கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றது. நிசப்தமான ஹாலில் என் குரல் மட்டும் தனியாக இடித்தது.

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "கேட்டுச்சுங்கம்மா" என்றார். "பூட்ட மாட்டாங்க."

அடுத்த வாய்தா வரை தடை நீட்டிக்கப்பட்டது. எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "வாசல் கேட்டு வரைக்கும் கேட்டிருக்கும் கண்ணு" என்றார். சாயங்காலம் கடைக்கு வந்தே ஆக வேண்டும் என்று அங்கேயே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அத்தாவுக்கு போன் போட்டேன்.

"ஒண்ணுங் கேக்கல கண்ணு, இரு!" என்றார். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. எனக்குப் புரியவில்லை.

"கரண்ட் போயிருச்சாத்தா?"

"கரண்டெல்லாம் இருக்குது. நாந்தான் எல்லா மெஷினையும் நிறுத்திப்போட்டேன். இப்பச் சொல்லு."

சந்தோஷத்தில், கோர்ட் வராண்டாவே திரும்பிப் பார்க்கும்படி, முதலிலிருந்து எல்லாவற்றையும் கத்தியே சொன்னேன்.